சடையப்பன் அவிழ்த்துக் கட்டிய முடிச்சுகள்

கல்லாற்றங்கரைக் காட்டில் குட்டிகளுக்கென்று ஒரு சாரணர் படை இருந்தது. அதை நடத்தி வந்தது சடையப்பன் என்னும் கருமந்தி.

சடையப்பனுக்குச் சொந்தக் குட்டி கிடையாது. யாரும் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுக்கவும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், காட்டுக் குட்டிகளெல்லாம் மரத்தடியில் படுத்து ஈ ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தது. "எழுந்திருங்க பசங்களா, தடம் பார்க்கப் போகலாம்!" என்றது. அவ்வளவுதான் ஆரம்பம்.

தடத்தைப் பார்த்துப் போனது யார் என்று சொல்வது, கல்லை அடுக்கி வழிக்குறி வைப்பது, காற்றை மோந்து மழையைச் சொல்வது, காட்டுக்கொடியைக் கயிறாக முறுக்கி முடிச்சுப் போடுவது என்று குட்டிகள் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டன. கரடிக்குட்டி கரியன்தான் அணித் தலைவன். மலை அணில் செவ்விக்குக் கண் கூர்மை. முள்ளம்பன்றிக் குட்டி ஊசிக்கு வாய் கூர்மை. சருகுமான் குட்டி பொட்டு எல்லாரிலும் சின்னது. முயலைவிட ஒரு பிடி பெரிதாக இருந்தால் அதிகம்.

துணைக்கு வேறு பெரியவர்களையும் சடையப்பன் கூப்பிட்டுப் பார்த்தது.

"நாலு கறையான் புத்து தோண்டப் பாக்கி கிடக்கு. எனக்கெங்க நேரம்?" என்றது கரியனின் தாய் மருதாயி.

"கொம்பு விழுந்திருக்கு சடையப்பா. மொட்டைத் தலையோட நாலு பேர் முன்னாடி எப்படி வர்றது? முளைக்கட்டும், வர்றேன்," என்றது மிளா மான். கொம்பு முளைத்தது. மிளா வரவில்லை.

வராதவர்களிடம் கேள்விக்கு மட்டும் குறைவில்லை. "கயிறு முடிஞ்சா வயிறு நெறையுமா?" என்று மருதாயி வழியில் பார்க்கும்போதெல்லாம் கேட்கும். சடையப்பன் சிரித்துக்கொண்டே போய்விடும்.

முதல் வருஷமே ஒரு சங்கடம் நடந்தது. முயல்குட்டி ஒன்று தான் கட்டிய கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டப் போனது. முடிச்சு உருவிக்கொண்டது. குட்டி தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது. முழங்கால் ஆழம்தான். எழுந்து உதறிக்கொண்டு, "இன்னொரு தரம்!" என்றுகூடக் கேட்டது. ஆனால் அன்று சாயங்காலம் பெரியவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றது மருதாயி.

"இதான் நீ சொல்லிக் குடுக்கிற லட்சணமா? இன்னொரு குட்டி நனைஞ்சுது, படையை இழுத்து மூடிடுவோம்!"

சடையப்பனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் படைதான் அதற்கு எல்லாம். "இனிமே ஒரு குட்டியும் நனையாது. நான் பொறுப்பு," என்று வாக்குக் கொடுத்துவிட்டது.

வாக்கைக் காப்பாற்ற அது ஒரு வழியும் கண்டுபிடித்தது.

வருஷா வருஷம் மழைக்கு முன்னால், கல்லாற்றுத் துறையில் குட்டிகள் ஒரு கைக்கொடி கட்டும். இக்கரை மருதமரத்திலிருந்து அக்கரை நாவல்மரம் வரை கொடி போகும். சின்னப் பிராணிகள் அதைப் பிடித்துக்கொண்டு கல்மேல் கால் வைத்துத் தாண்டும். குட்டிகள் ஆசை ஆசையாகக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகும். அவை கண்ணுக்கு மறைந்ததும் சடையப்பன் மரத்திலிருந்து இறங்கும். ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்க்கும். தன் கையால் மறுபடி கட்டும். குட்டிகள் கட்டியது மாதிரியே நுனியைக்கூட அதே நீளத்துக்கு விட்டு வைக்கும்.

கரியன் போடும் முடிச்சில் என்ன தப்பு என்று அதற்கு நன்றாகத் தெரியும். கொடியை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைச் சுற்றுக்கு அடியில் நுழைத்து இறுக்க வேண்டும். கரியன் மேலாகச் செருகிவிடும். மற்றக் குட்டிகளும் தலைவனைப் பார்த்து அப்படியே செய்யும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சுமை விழும்போதுதான் வேறுபாடு தெரியும்.

சொல்லிவிடலாம்தான். சொன்னால் மறுபடி கட்ட வைக்க வேண்டும். மறுபடி நழுவும். யாராவது நனையும். 'எதுக்கு வம்பு? யாருக்கு என்ன நஷ்டம்?' என்று சடையப்பன் நினைத்துக்கொண்டது.

கைக்கொடி மூன்று மழைக்காலம் அசையாமல் நின்றது. "சடையப்பன் பசங்க கட்டினா ஆனையே தொங்கலாம்!" என்று காடே பேசியது. கரியனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சடையப்பனுக்கும் அந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்தது.

ஆடி மாதத்தில் ஒரு பகல். படை துறைக்கு வெகுதூரம் மேலே, ஆறு வளைகிற இடத்தில் வழிக்குறி வைத்துப் பழகிக்கொண்டிருந்தது. வெயில் அடித்தது. ஆற்றில் கணுக்கால் தண்ணீர். நடு ஆற்றில் எருமை முதுகு மாதிரி ஒரு பாறை. பொட்டு கல்லுக்குக் கல் தாவி அந்தப் பாறைக்குப் போய், மேலே மூன்று கல்லை அடுக்கிக்கொண்டிருந்தது.

செவ்விதான் முதலில் பார்த்தது. "மாமா! தண்ணி செவக்குது!"

மேலே மலையில் மழை. தாவிப் போன கற்கள் ஒவ்வொன்றாக முங்கின. மரக்கிளையும் சருகும் நுரையுமாக வெள்ளம் இறங்கியது.

"பொட்டு! ஓடி வா!" என்று ஊசி கத்தியது.

பொட்டுக்குக் கால் வரவில்லை. பாறை உச்சியில் ஒடுங்கி நின்றது.

சடையப்பன் யோசிக்கவில்லை. ஆற்றின் மேல் நீண்டிருந்த கிளையில் ஓடியது. நுனியிலிருந்து பாறைக்குப் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் கிளையின் நுனி முறிந்து வெள்ளத்தோடு போயிற்று. பொட்டை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோதுதான் அதற்கு விளங்கியது. மிச்சக் கிளை எட்டாத உயரத்தில் இருந்தது. சுற்றிலும் சுழல். கருமந்திக்கு மரம் தெரியும், நீச்சல் தெரியாது.

பாறையில் இன்னும் இரண்டு முழம்தான் வெளியே தெரிந்தது.

கரையில் கரியன் சத்தம் போட்டது. "பயப்படாதீங்க மாமா! கொடி இருக்கு! கட்டி வீசறோம்!"

"ஓடிப் போய் உங்கம்மாவைக் கூட்டிட்டு வரலாமா?" என்று செவ்வி கேட்டது.

"அதுக்குள்ள பாறை முங்கிடும். கட்டுடா!" என்றது ஊசி.

கரியன் தோளில் கிடந்த கொடிச்சுருளை எடுத்தது. கரையோரத்து மருதமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியது. நுனியை எடுத்தது. மேலாகச் செருகியது.

சடையப்பன் அதைப் பார்த்தது. "அடியில! அடியில நுழை!" என்று கத்தியது. ஆற்றின் இரைச்சலில் அந்தக் குரல் தனக்கே கேட்கவில்லை. கையை ஆட்டியது. செவ்வி பார்த்துவிட்டு, முறிந்த கிளையின் முனைவரை ஓடி வந்தது.

"என்ன மாமா?"

"அந்த முடிச்சு நிக்காது!"

"ஏன் நிக்காது? துறையில கட்டினதும் இதேதானே! மூணு மழைக்கு நின்னுதே!"

சடையப்பன் ஒரு கணம் தயங்கியது. தண்ணீர் காலைத் தொட்டது.

"அது நீங்க கட்டினது இல்ல செவ்வி. நீங்க போனப்புறம் நான் அவுத்துட்டுக் கட்டினது."

செவ்வியின் வால் அப்படியே நின்றது. "எதை?"

"எல்லாத்தையும்."

"மூணு வருஷமுமா?"

"மூணு வருஷமும்."

எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் செவ்வி திரும்பி ஓடிவிட்டது. கரியனின் காதில் அது குனிந்து சொல்வதைச் சடையப்பன் பார்த்தது. கரியன் பாறைப் பக்கம் திரும்பியது. பிறகு கையிலிருந்த கொடியைக் கீழே எறிந்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தது.

அந்த முகத்தைப் பார்ப்பதைவிட வெள்ளத்தைப் பார்ப்பது சடையப்பனுக்குச் சுலபமாக இருந்தது.

கரையில் ஊசி முள்ளைச் சிலிர்த்தது. "தலைவரே, கோவம் அப்புறம் பட்டுக்கலாம். அங்க பொட்டு நிக்குது!"

"எனக்கு முடிச்சே தெரியாதாம்!"

"எனக்கும்தான் தெரியாது. இப்ப தெரிஞ்சுக்குவோம். இழு!"

மூன்றும் கொடியைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தன. முடிச்சு சர்ரென்று உருவியது. மூன்றும் சேற்றில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. "ஐயோ, முள்ளு!" என்று கரியன் அலறியது.

"மறுபடி கட்டு!"

மறுபடி கட்டின. இந்தத் தரம் மூன்று சுற்று. இழுத்தன. மெதுவாக நழுவியது. ஆனாலும் நழுவியது.

சடையப்பனின் கைகள் தாமாக எழுந்தன. காற்றில் சுற்றின, நுனியை அடியில் நுழைத்தன, இறுக்கின. கரையில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

"மாமா! வழுக்குறேன்!" என்று பொட்டு வீறிட்டது. "கையை எடுக்காதீங்க! என்னைப் பிடிச்சுக்கங்க!"

சடையப்பன் திடுக்கிட்டுக் குட்டியை இறுக்கிப் பிடித்தது. முடிச்சுப் போட அங்கே மூன்று பேர் இருந்தார்கள். பொட்டைப் பிடித்துக்கொள்ளத் தன்னைவிட்டால் யாரும் இல்லை. அந்த நேரத்துக்கு அதன் வேலை அது ஒன்றுதான். வேறு எதற்கும் கை கொடுக்காமல் இருப்பது அதற்கு வெள்ளத்தில் நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கரையில் செவ்வி மரத்தில் தலைகீழாகத் தொங்கி, முடிச்சுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டது. "நீங்க இழுங்க. எது நகருதுன்னு நான் பார்க்கிறேன்."

இழுத்தார்கள்.

"நுனி! நுனிதான் நகருது! மேல சும்மா உட்கார்ந்திருக்கு, யாரும் அதை அழுத்தலை!"

கரியன் நின்றது. முடிச்சைப் பார்த்தது. மண்டையைச் சொறிந்தது. "அழுத்தணும்னா... சுத்துக்கு அடியில போட்டுட்டா?"

நுனியை எடுத்து அடியில் நுழைத்தது. இறுக்கியது. "ஊசி, செவ்வி, வாங்க. இழுக்க வேண்டாம், தொங்கணும். பூரா கனமும் விழணும்."

மூன்றும் கொடியில் தொங்கின. கரடிக்குட்டி காலைத் தூக்கிக்கொண்டு ஆடிக்கூடப் பார்த்தது. மரம் முனகியது. முடிச்சு முனகவில்லை.

"நிக்குது!"

ஆனால் கொடியைப் பாறைக்கு எப்படிக் கொண்டுபோவது? கிளை வழியாக எடுத்துப் போகச் செவ்விக்குக் கொடியின் கனம் தாங்காது. கரியன் வீசியது. பாதி தூரத்தில் விழுந்து ஆற்றோடு போயிற்று. இழுத்துத் திரும்ப வீசியது. அதே கதை.

"ஆத்தோட ஏன் மல்லுக்கட்டறே?" என்றது ஊசி. "காய்ஞ்ச மூங்கிலை நுனியில கட்டு. மேல போய் விடுவோம். ஆறே கொண்டுபோய்க் குடுக்கும்!"

சடையப்பனுக்கு அந்த யோசனை வந்தே இருக்காது. அது எப்போதும் வீசித்தான் பழக்கம்.

மூங்கில் துண்டு மிதந்து வந்தது. ஒரு சுழலில் சிக்கிச் சுற்றியது. விடுபட்டது. நேராகப் பாறையில் வந்து மோதியது. சடையப்பன் ஒற்றைக் கையால் அதைப் பிடித்தது. கொடியைத் தன் இடுப்பிலும் பொட்டின் வயிற்றிலும் சேர்த்துக் கட்டிக்கொண்டது. தண்ணீர் அதற்குள் தொடைக்கு வந்திருந்தது.

"மூச்சைப் பிடிச்சுக்கோ பொட்டு."

தண்ணீரில் இறங்கியது. வெள்ளம் இரண்டையும் அள்ளிக்கொண்டு போனது. கொடி விறைத்தது. சடையப்பனின் கனம், பொட்டின் கனம், கல்லாற்றின் கனம், எல்லாம் கரியன் போட்ட அந்த ஒரு முடிச்சில் வந்து விழுந்தன. யாரும் அதை அவிழ்த்துக் கட்டியிருக்கவில்லை.

முடிச்சு நின்றது.

ஆறு அவர்களைப் பெரிய வளைவாகச் சுழற்றிக் கரையோரச் சேற்றில் ஒதுக்கியது. கரியன் சடையப்பனின் பிடரியைக் கவ்வி மேலே இழுத்தது. பொட்டு இரண்டு தும்மல் போட்டுவிட்டு, "நான் அடுக்கின கல்லு போச்சே!" என்று அழுதது.

எல்லாரும் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். கரியன் நனைந்த கொடியைச் சுருட்டி வைத்தது. பிறகு கேட்டது.

"ஏன் மாமா அப்படிச் செஞ்சீங்க?"

"பயந்துட்டேன்டா."

"நாங்க விழுந்துடுவோம்னா?"

சடையப்பன் யோசித்தது. பொய் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தது. "இல்ல. உங்கம்மாவுக்கு."

கரியனுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கம்மாவுக்கு யாருதான் பயப்படலை?" என்றது. எழுந்து வீட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, சிரிப்பெல்லாம் போய், "ஆனாலும் நீங்க சொல்லியிருக்கணும்," என்றது. சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டது.

மறுநாள் காலை சடையப்பன் எல்லாப் பெரியவர்களையும் துறைக்கு வரச் சொன்னது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னது. மூன்று வருஷமாகச் செய்ததையும் சொன்னது. "படையை மூடறதானா மூடுங்க. குட்டிங்க மேல தப்பு இல்ல," என்று முடித்தது.

மிளா தொண்டையைச் செருமியது. "நான் அப்பவே நெனச்சேன்..."

"கொம்பு முளைக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றது ஊசி. மிளா கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டது.

மருதாயி எழுந்தது. "ஏய்யா, நனையக் கூடாதுன்னு சொன்னேன். அதுக்காக எம்பிள்ளையை முட்டாளாக்கி வைக்கச் சொன்னேனா?"

பொட்டின் தாய் இதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்தது கிடையாது. புதருக்குள்ளிருந்து மெல்லிய குரலில் அது சொன்னது: "அக்கா, நாம எல்லாரும் சேர்ந்துதான் சொன்னோம். எம்பொட்டை இழுத்துட்டு வந்தது சேத்துல விழுந்து நனைஞ்ச பிள்ளைங்கதான்."

மருதாயி அப்படியே நின்றது. ஆற்றைப் பார்த்தது. மகனைப் பார்த்தது. வெள்ளம் வடிந்து துறையில் மறுபடி முழங்கால் தண்ணீர்தான் ஓடியது.

சடையப்பன் மருதமரத்தில் ஏறியது. எல்லார் கண்ணுக்கும் முன்னால் தன் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தது. அக்கரைக்கும் போய் அவிழ்த்தது. காடே மெச்சிய கைக்கொடி தண்ணீரில் விழுந்தது. சடையப்பன் அதைச் சுருட்டிக் கொண்டுவந்து கரியன் காலடியில் வைத்தது. பிறகு ஒரு கல்லில் போய் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டது.

குட்டிகள் கட்ட ஆரம்பித்தன. இக்கரையில் கரியன் கட்டியது. அக்கரையில் செவ்வி அவசர அவசரமாகக் கட்டியது.

"தொங்கிப் பார்க்கணும். நல்ல கனமா யாராவது வேணும்," என்றது கரியன்.

கூட்டத்தில் எல்லாருடைய பார்வையும் ஒரே பக்கம் திரும்பியது.

"என்னடா பார்க்கிறீங்க?" என்றது மருதாயி. "கறையான் புத்து ஓடியா போயிடும்? தள்ளு!"

ஆற்றின் நடுவில் போய்க் கொடியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. ஒரு கணம் கொடி தாங்கியது. மறுகணம் செவ்வியின் முடிச்சு உருவியது. மருதாயி மல்லாக்க விழுந்த வேகத்தில் தண்ணீர் கரையில் நின்றவர்கள் மேலெல்லாம் தெறித்தது.

சடையப்பன் பாதி எழுந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தது.

மருதாயி எழுந்தது. தலையை உதறியது. காதில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துப் போட்டது. அக்கரைக்கு நடந்துபோய்ச் செவ்விக்குப் பக்கத்தில் நின்றது.

"எந்த இடத்துல நழுவுச்சு, பார்த்தியா?" என்று கேட்டது. "நீ கட்டு. நான் இங்கயேதான் இருக்கேன். எத்தனை தரம் வேணும்னாலும் விழுறேன்."

நீதி: பிள்ளைகளுக்காக முடிச்சைக் கட்டிக் கொடுப்பவரைவிட, அவர்கள் கட்டும் முடிச்சு நழுவும்போது பக்கத்தில் நிற்பவரே நல்ல துணை.